வழி தரும் வயலுக்கு வாயுவில் பங்கு

காஞ்சிபுரம் என்றவுடன் யாவருக்கும் நினைவுக்கு வருவன கோயில்களும் பட்டுச் சேலைகளுமே. இவ்விரண்டும் அடுப்பை நம்பி நிற்பவை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டு நூலின் மேலுள்ள பசை, சோப்பும் காரமும் கலந்த கொதிநீரில் நீங்கிய பின்னரே நூலுக்கு மென்மையும் பளபளப்பும் உண்டாகின்றன. அதன்மேல் சாயம் ஏறுவதற்கும் சுடுநீரே வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் இட்டலி வேகவும் தீ வேண்டும். நகரைச் சூழ்ந்த கிராமங்களில் நெல் அவிக்கவும், மாட்டுக்குத் தீனி காய்ச்சவும், குடும்பத்துக்குச் சமைக்கவும் எரிபொருள் இல்லாமல் ஆகாது. முற்காலத்தில் விறகும் வறட்டியும் உமியும் இத்தேவைகளை நிறைவேற்றின. பிற்காலத்தில் சிலிண்டர் வந்தது. இப்பொழுது மண்ணுக்கடியில் புதைக்கப்பட்ட குழாய் வழியே இயற்கை எரிவாயு வருகிறது.

இக்குழாய்கள் தேசத்துக்கு நன்மை செய்வன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை வானத்தில் செல்வனவல்ல. ஒருவருடைய நஞ்செய், மற்றொருவருடைய தோப்பு, இன்னொருவருடைய கிணற்றடி ஆகியவற்றின் கீழாகச் செல்கின்றன. வாயு நகரத்தையும் ஆலையையும் சென்றடைகிறது. அதற்கு வழிவிட்ட கிராமத்தின் அடுப்பில் பழைய புகையே எழுகிறது. விவசாயிகள் குழாயை முற்றிலும் எதிர்ப்பதும் சரியன்று. கேட்ட இடத்தில் கையொப்பமிட்டுவிட்டு வாளாவிருப்பதும் சரியன்று. குழாய் வரட்டும், ஆனால் வழி தரும் வயலுக்கு அதன் வருமானத்திலும் வாயுவிலும் நிலையான பங்கு இருக்க வேண்டும். நியாயமான வழி இதுவே.

உள்நாட்டு எரிபொருளின் அவசியம்

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் பிற நாடுகளிலிருந்து வாங்குகிறது. இயற்கை வாயுவில் ஏறக்குறைய பாதியும், சமையல் வாயுவில் பாதிக்கு மேலும் அயல்நாடுகளிலிருந்தே வருகின்றன. கடலுக்கப்பால் எங்கோ ஓரிடத்தில் யுத்தம் மூண்டால் இங்கே அடுப்பின் செலவு ஏறுகிறது. 2022ஆம் ஆண்டில் ருசியாவுக்கும் உக்ரேனுக்கும் போர் மூண்டபோது, ஆசியச் சந்தையில் திரவமாக்கிய இயற்கை வாயுவின் விலை ஓர் அலகுக்கு 50 டாலரையும் தாண்டியது. இந்தியாவின் பழைய வயல்களில் எடுக்கப்படும் வாயுவுக்கோ, 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அரசாங்கம் அதே அலகுக்கு 6.5 டாலர் என்னும் உச்சவரம்பை விதித்தது. உள்நாட்டில் எடுப்பதற்கும் அயல்நாட்டில் வாங்குவதற்கும் உள்ள வேற்றுமை இதனால் நன்கு விளங்கும்.

இது நகரத்தாருடைய கவலை என்று விவசாயிகள் ஒதுக்கிவிடலாகாது. வயலில் இடும் யூரியா, இயற்கை வாயுவிலிருந்தே பெரும்பாலும் உற்பத்தியாகிறது. யூரியாவின் உற்பத்திச் செலவில் பெரும் பகுதி வாயுவின் விலையேயாகும். 45 கிலோ மூட்டைக்கு 242 ரூபாய், அதாவது வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் வரியும் நீங்கலாக, என்று விலை நிர்ணயிக்கப்பட்டிருப்பதால் வாயு விலையின் ஏற்றம் விவசாயியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தை அரசாங்கக் கருவூலம் தாங்குகிறது. 2022-23ஆம் ஆண்டில் உரமானியம் இரண்டரை இலட்சம் கோடி ரூபாய் அளவை எட்டியது. அப்பணத்தில் ஒரு பகுதி மிச்சமாகுமாயின், அதைக் கொண்டு எத்தனை ஏரிகளைத் தூர்வாரலாம், எத்தனை களஞ்சியங்களைக் கட்டலாம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். உள்நாட்டு வாயு பெருகுவது உழவனுடைய காரியமும் ஆகும்.

குழாய் இல்லாத வாயு

நிலத்தடியில் வாயு கிடைத்தால் மாத்திரம் போதாது. அதை உபயோகிக்கும் இடத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். எண்ணெயைப் பீப்பாயில் அடைத்து வண்டியில் ஏற்றலாம். வாயுவை அவ்வாறு செய்வது எளிதன்று. அதைத் திரவமாக்கக் கழி 162 பாகை செண்டிகிரேடு வரையில் குளிர்விக்க வேண்டும். அல்லது மிகுந்த அழுத்தத்தில் உருளைகளில் அடைக்க வேண்டும். இரண்டும் செலவு மிகுந்த முறைகள். குழாயைப் பதிப்பதற்கு முதலில் பெருந்தொகை பிடிக்குமாயினும், பதித்தபின் பல்லாண்டுகளுக்குக் குறைந்த செலவில் இரவும் பகலும் வாயு ஓடிக்கொண்டிருக்கும். சாலையில் லாரி வேண்டாம். மழைக்கும் வெள்ளத்துக்கும் அது நிற்பதில்லை.

வடநாட்டில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பம்பாய்க் கடலில் 1974ஆம் ஆண்டில் எண்ணெயும் வாயுவும் கண்டுபிடிக்கப்பட்டன. பின்னர், 1984ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கெயில் நிறுவனம், குஜராத்திலுள்ள ஹஜீராவிலிருந்து மத்தியப் பிரதேசத்திலுள்ள விஜய்ப்பூர் வழியாக உத்தரப் பிரதேசத்திலுள்ள ஜகதீஷ்பூர் வரையில் ஒரு பெருங்குழாயை அமைத்தது. விஜய்ப்பூர், ஜகதீஷ்பூர், ஆவ்ன்லா ஆகிய இடங்களிலுள்ள யூரியா ஆலைகள் அந்தக் குழாயை நம்பியே எழுந்தன. கடலில் கிடைத்த வாயு கங்கைச் சமவெளியின் கோதுமை வயலுக்கு உரமாகச் சென்றது குழாயினால்தான்.

தமிழ்நாட்டின் நிலைமையோ வெகுகாலம் வேறாக இருந்தது. மணலியிலுள்ள சென்னை உரத் தொழிற்சாலையும், தூத்துக்குடியிலுள்ள ஸ்பிக் ஆலையும், குழாய் வாயு இல்லாமையால், விலை மிகுந்த நாப்தா எண்ணெயைக் கொண்டே யூரியா செய்துவந்தன. எண்ணூரில் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் திரவ வாயுவைக் கையாளும் துறை 2019ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின், மணலி ஆலை அவ்வாண்டிலேயே வாயுவுக்கு மாறியது. இராமநாதபுரம் முதல் தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர்க் குழாய் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. தூத்துக்குடி ஆலையும் அவ்வாண்டில் வாயுவுக்கு மாறியது. இராமநாதபுரத்து மண்ணில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் வாயுவுக்குத் தென்மாவட்டத்தின் ஆலைகளை எட்டும் வழி அக்குழாயால் கிடைத்தது.

காஞ்சிபுரத்துக்கு உண்டாகும் நன்மை

எண்ணூரிலிருந்து செங்கற்பட்டு வரை 115 கிலோமீட்டரும், திருவள்ளூரிலிருந்து பெங்களூர் வரை 271 கிலோமீட்டரும் நீளமுள்ள குழாய்ப் பகுதிகள் 2022ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. இவற்றுக்கு முன்னரே, 2018ஆம் ஆண்டில் நடந்த ஒன்பதாவது ஏலச் சுற்றில், வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் தொழில்களுக்கும் வாயு வழங்கும் உரிமைக்காகக் காஞ்சிபுரம் பகுதியும் ஏலம் விடப்பட்டது. திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களிலுள்ள மோட்டார் ஆலைகளுக்கும் பிற ஆலைகளுக்கும் இது பெரிய வசதி.

பட்டுத் தொழிலுக்கும் இதனால் நன்மை உண்டாகக்கூடும். சாயப்பட்டறையில் தீ சீராக எரியாவிடில் நீரின் சூடு ஏறி இறங்கும். சூடு மாறினால் நிறம் மாறும். ஒரே சேலைக்குரிய உடலும் முந்தானையும் வெவ்வேறு சாயலில் அமைந்தால், நெய்தவருடைய பல நாளைய உழைப்பு விலைகுறைந்து போகும். வாயுவின் தீயை ஒரு திருகினால் கூட்டவும் குறைக்கவும் இயலும். விறகின் புகையால் கண் எரிச்சலும் இருமலும் அடைந்துவந்த தொழிலாளிக்கு அது ஆறுதலாகும். விறகு வெட்டுதல் குறைந்தால் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் உள்ள மரங்களும் தப்பும்.

எனினும் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். எண்ணூரில் இறங்குவது அயல்நாட்டு வாயு. குழாய் வந்துவிட்டதனாலேயே தேசம் தன் காலில் நின்றுவிட்டதாகாது. காவிரிப் படுகையிலும் இராமநாதபுரத்திலும் கிடைக்கும் வாயுவும், பின்னர்க் கூறப்படும் சாண வாயுவும் எந்த அளவுக்கு அக்குழாய்களில் சேருகின்றனவோ, அந்த அளவுக்கே உண்மையான சுயதேவை பூர்த்தியாகும்.

நிலத்தின்மேல் விழும் சுமை

இவ்வளவு நன்மைக்கும் இடம் கொடுப்பது பட்டா நிலம். அந்நிலத்தைப் பற்றிய சட்டம் இன்னதென்று அறியாதவர் பலர். 1962ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டத்தின்படி, நிலத்தின் சொந்தம் மாறுவதில்லை; நிலத்தின் கீழ்க் குழாய் பதிக்கும் உபயோக உரிமை மாத்திரம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. முன்பு செய்துவந்த பயிரைப் பின்னரும் செய்யலாம். ஆனால் அப்பகுதியில் கட்டிடம் கட்டலாகாது. கிணறு, குளம், நீர்த்தேக்கம், அணை எதுவும் வெட்டவோ கட்டவோ கூடாது. மரம் நடவும் கூடாது. மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் குழாய் பதிக்கலாகாது என்பதும், குடியிருக்கும் மனையின் கீழும் நிலையான கட்டிடத்தின் கீழும் பதிக்கலாகாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு.

நஷ்டஈடு இருவகை. குழாய் பதிக்கும்போது அழிந்த பயிர், மரம் முதலியவற்றுக்கும், வேறு சேதங்களுக்கும் ஈடு கொடுக்கப்பட வேண்டும். அதற்கு மேல், உபயோக உரிமைக்காக, முதல் அறிவிப்பு வெளியான தேதியில் நிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து ஒரே தடவையாகத் தரப்படும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். குழாய்ப் பாதையின் அகலம் 20 மீட்டர் என்றும், அது ஒருவருடைய நிலத்தில் 100 மீட்டர் தூரம் செல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்பாதையின் பரப்பு 2,000 சதுர மீட்டர். ஏறக்குறைய 49 செண்டு. செண்டு 20,000 ரூபாய் விலையுள்ள நிலமாயின் மொத்த மதிப்பு 9 இலட்சத்து 80 ஆயிரம். அதில் பத்தில் ஒன்று 98,000 ரூபாய். நெல்லும் வேர்க்கடலையுமே பயிரிடுவோருக்கு இது பெரிய குறையாகத் தோன்றாமலிருக்கலாம். தென்னையோ மாவோ வைக்க எண்ணியிருந்தவருக்கும், புதுக் கிணறு வெட்டினாலன்றி மேட்டு நிலத்தைப் பாசனத்துக்குக் கொண்டுவர இயலாதவருக்கும், மகனுக்கு வீடு கட்ட ஒதுக்கியவருக்கும் அது பெரிய இழப்பு. அந்நிலத்தை வாங்க வருபவரும் குழாயைக் காட்டியே விலையைக் குறைப்பார். அந்த 49 செண்டின் உபயோகத்தில் பாதி போய்விட்டது. ஈடாகக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஒரே ஒரு முறை. குழாயோ தலைமுறை தலைமுறையாக வருமானம் ஈட்டுகிறது.

மின்சாரக் கோபுரங்களின் விஷயத்தில் மத்திய அரசாங்கம் இவ்வாறான குறையை உணர்ந்து மாற்றம் செய்தது. 2015ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில், கோபுரத்தின் அடிநிலத்துக்கு நில மதிப்பில் நூற்றுக்கு 85 என்றிருந்தது, 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 200 ஆக உயர்த்தப்பட்டது. கம்பிகளின் கீழுள்ள பாதைக்கும் நூற்றுக்கு 30 என விதிக்கப்பட்டது. மேலே கம்பி செல்லும் நிலத்துக்கு முப்பது என்றால், கீழே குழாய் செல்லும் நிலத்துக்குப் பத்து என்பது எவ்வாறு பொருந்தும்? 1962ஆம் ஆண்டில் வகுத்த விகிதத்தை மறுபடியும் ஆராய வேண்டிய காலம் வந்துவிட்டது.

கொங்கு நாடு கற்பித்த பாடம்

கொச்சியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் கெயில் நிறுவனத்தின் குழாய், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் ஏறக்குறைய 310 கிலோமீட்டர் விளைநிலங்கள் வழியாகச் செல்வதற்குத் திட்டமிடப்பட்டது. தென்னந்தோப்புகளும் கிணற்றுப் பாசன நிலங்களும் நிறைந்த அப்பகுதி விவசாயிகள் கடுமையாக எதிர்த்தனர். 2013ஆம் ஆண்டில் மாநில அரசாங்கம் விவசாயிகளின் கருத்தைக் கேட்டு, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்ல வேண்டுமென்று கூறிப் பணியை நிறுத்தச் சொன்னது. அவ்வாண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துச் செய்தது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உச்சநீதிமன்றமும் மாநில அரசாங்கத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இதில் விவசாயிகளுக்கு ஒரு பாடமும், குழாய் அமைப்போருக்கு ஒரு பாடமும் உண்டு. வேண்டாம் என்று மாத்திரம் சொல்லும் எதிர்ப்பு, சட்டத்தின் முன் நிலைபெறுவது அரிது. பாதையையும் ஈட்டையும் பற்றிய கோரிக்கையைத் தக்க காலத்தில் எழுத்துமூலம் வைத்திருப்பதே பயன் தரும். மறுபுறத்தில், வழக்கில் வென்றும் குழாய் பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. அதே திட்டத்தின் கொச்சி-மங்களூர்ப் பகுதியான 450 கிலோமீட்டரும் 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில்தான் தொடக்கம் கண்டது. தாமதத்தால் உண்டாகும் நஷ்டத்தைக் கணக்கிட்டால், விவசாயிக்கு முதலிலேயே நியாயமான பங்கைத் தருவது மலிவாகவே முடியும்.

அச்சத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. ஆந்திரத்தில் கிழக்கு கோதாவரி மாவட்டத்து நகரம் கிராமத்தில் 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் தேதி வாயுக்குழாய் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் 2017ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு ஊரே கொந்தளித்தது. 2020ஆம் ஆண்டில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் நிறைவேறியதற்கு இத்தகைய அச்சங்களே அடிப்படை. விளைநிலத்தில் புதிதாகத் துளையிடுவது வேறு, கட்டிய குழாயை நல்ல நிலையில் காப்பது வேறு. பின்னதில் அசட்டை காட்டுவோர் முன்னதில் நம்பிக்கை பெற முடியாது.

வாய்க்கால் முறை

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் நாடு. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம் என்னும் தனிச் சபை அங்கு இருந்ததைக் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுநீரைப் பங்கிட்டு வாழ்ந்த மக்கள் இவர்கள். ஏரியிலிருந்து கடைமடை வரை வாய்க்கால் செல்ல வேண்டுமானால் இடையிலுள்ள நிலங்கள் வழிவிட வேண்டும். வழிவிட்ட நிலத்துக்கு அந்த வாய்க்காலிலேயே மடை உண்டு, முறைநீர் உண்டு. கரையை உடைக்காமல் காக்கும் கடமையும் அவருக்கு உண்டு. தன் நிலத்தின் வழியே ஓடும் நீரில் ஒரு சொட்டும் தனக்கில்லை என்றால், அக்கரையைக் காக்க எவருக்கு மனம் வரும்?

வாயுக் குழாய்க்கும் இந்த நியாயமே பொருந்தும். வேண்டுவன மூன்று.

முதலாவது, ஒரே தடவை தரும் பத்துச் சதவீதத்துக்கு மேல் ஆண்டுதோறும் ஒரு தொகை. குழாயில் செல்லும் வாயுவுக்கு இவ்வளவு என்று கட்டணம் விதிக்க 2006ஆம் ஆண்டின் சட்டப்படி ஓர் ஒழுங்குமுறை வாரியம் உண்டு. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் பல குழாய்களுக்கும் ஒருங்கிணைந்த கட்டண முறையும் நடைமுறைக்கு வந்தது. அக்கட்டணத்தில் மிகச் சிறிய ஒரு கூறைப் பாதையிலுள்ள நிலங்களுக்கென்று ஒதுக்கி, கிலோமீட்டர்க் கணக்கில் பிரித்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பாதையிலுள்ள கிராமங்களுக்கு வாயு. வாயு வழங்கும் உரிமையை ஏலத்தில் பெறுவோர், இத்தனை வீடுகளுக்கு இணைப்புத் தருவதாக உறுதி கூற வேண்டும் என்பது நிபந்தனை. எண்ணிக்கையை மாத்திரம் பார்த்தால், நெருங்கிய நகரத் தெருக்களிலேயே அதை நிறைவேற்றிவிடலாம். ஆகையால், அவ்வெண்ணிக்கையில் ஒரு பகுதி குழாய் செல்லும் ஊர்களுக்கென்று நிபந்தனையிலேயே எழுதப்பட வேண்டும். சாயப்பட்டறைகள் உள்ள நெசவாளர் ஊர்களும் அதில் முன்னுரிமை பெறத்தக்கவை.

மூன்றாவது, சாலையோரமும் புறம்போக்கும் உள்ள இடத்தில் அவற்றையே முதலில் நாட வேண்டும். இயலாவிடத்து, வயலின் நடுவே குறுக்காக வெட்டாமல் வரப்பை ஒட்டியாவது பாதை அமைய வேண்டும்.

ஆட்சேபங்களும் விடைகளும்

பெருங்குழாயில் அழுத்தம் மிகுதி. ஒவ்வோர் ஊரிலும் துளையிட்டு வாயு எடுக்க முடியாது என்பது ஓர் ஆட்சேபம். உண்மையே. அழுத்தத்தைக் குறைக்கும் நிலையம் இன்றி வீட்டுக்கு வாயு தர இயலாது. அந்நிலையத்துக்குச் செலவு உண்டு. ஆயினும் பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்குப் பொதுவாக ஒரு நிலையம் அமைக்கலாம். அதுவும் கட்டாத இடத்தில், அதற்கு நிகரான தொகையை அவ்வூர்ப் பஞ்சாயத்தின் ஏரி பராமரிப்புக்குக் கொடுக்கலாம்.

வாயுவின் விலை உயர்ந்துவிடும் என்பது மற்றோர் ஆட்சேபம். குழாயின் ஆயுள் முழுவதும் செல்லும் வாயுவின் அளவோடு ஒப்பிட்டால், நிலத்துக்கான சிறு கூறு அலகொன்றுக்கு மிக அற்பமாகவே வரும். வழக்கினாலும் மறியலினாலும் ஆண்டுக்கணக்கில் முதல் முடங்கிக் கிடப்பதன் வட்டியும் விலையிலேயே ஏறுகிறது என்பதை இவ்வாட்சேபம் கூறுவோர் மறந்துவிடுகின்றனர்.

தேசத்தின் பொருட்டுச் சிலர் தியாகம் செய்யத்தான் வேண்டும் என்பாரும் உளர். தியாகம் என்பது தானே முன்வந்து தருவது. அறிவிப்பின்மூலம் எடுத்துக்கொள்வதற்கு அப்பெயர் பொருந்தாது; அதற்குரிய பெயர் கொள்முதல். கொள்முதலுக்கு விலை உண்டு.

தொழுவத்திலிருந்து வாயு

விவசாயி வழிவிடுபவராக மாத்திரம் இருக்க வேண்டியதில்லை, உற்பத்தியாளராகவும் ஆகலாம். சாணத்தை வறட்டியாக எரிப்பதால் வயலுக்குரிய எரு சாம்பலாகிறது. அதே சாணத்தைக் காற்றுப்புகாத தொட்டியில் நீரோடு கரைத்துப் புளிக்கவிட்டால், எரியும் வாயுவும் கிடைக்கும், எருவும் எஞ்சும். ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ சாணம் தரும். 25 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர் வாயு உண்டாகும். அது 400 கிராமுக்குச் சற்று மேற்பட்ட சிலிண்டர் வாயுவுக்கு ஈடு. ஐந்து மாடுகள் உள்ள குடும்பம் இரண்டு கன மீட்டர்க் கலனை வைத்துக்கொண்டால், மழைக்கால மந்தத்தையும் சாண இழப்பையும் கழித்த பின்னும், மாதத்துக்கு ஒரு சிலிண்டரை மிச்சப்படுத்தலாம். வெளிவரும் கரைசலில் தழைச்சத்து நஷ்டமாவதில்லை. மட்கவைத்தோ, பாசன நீரில் கலந்தோ வயலுக்கு விடலாம்.

தனித்தனிக் கலன்களோடு நின்றுவிடாமல், ஊருக்குப் பொதுவான பெரிய கலன்களில் சாணம், கரும்பாலைக் கழிவு, சந்தைக் கழிவு ஆகியவற்றைச் சேர்த்து வாயு செய்து, அதைச் சுத்திகரித்தால் குழாயிலேயே சேர்க்கலாம். இத்தகைய வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கும் திட்டம் 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கப்பட்டது. நகர வாயுவில் இதை ஒரு விகிதம் கலக்க வேண்டுமென 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2025-26இல் நூற்றுக்கு ஒன்று எனத் தொடங்கி, 2028-29இல் ஐந்தாக உயருமாறு அவ்விகிதம் வகுக்கப்பட்டது. பால் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ள கிராமங்கள் ஒன்றுசேர்ந்து இதில் இறங்குமாயின், குழாய் செல்லும் நிலத்தவரே அக்குழாய்க்கு வாயு விற்பவராகவும் ஆவர். உள்நாட்டு எரிபொருள் என்னும் சொல்லுக்கு அதனினும் பொருத்தமான உதாரணம் வேறில்லை.

செய்ய வேண்டுவன

சட்டம் திருந்தும் வரையில், இருக்கும் சட்டத்தை முழுவதும் பயன்படுத்திக்கொள்வதே அறிவுடைமை. அறிவிப்பு மத்திய அரசிதழில் வெளியாகிறது. அதைக் கிராமத்தில் படிப்பவர் இல்லை. அறிவிப்புத் தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபத்தைத் தகுதிவாய்ந்த அதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அந்நாட்கள் கழிந்தபின் வருந்திப் பயனில்லை. ஆகையால் கிராம நிர்வாக அலுவலர்கள், தம் ஊரின் புல எண்கள் அறிவிப்பில் இடம்பெற்றனவென்று தெரிந்தவுடன், அவற்றைச் சாவடியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டி, தண்டோராவும் போடுவித்தல் நலம்.

அடங்கலில் பயிரும் மரமும் கிணறும் உள்ளவாறே பதிவாகியிருக்கின்றனவா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கில் தரிசு என்றிருக்கும் நிலத்தில் பத்துத் தென்னை நின்றாலும் ஈடு கேட்கும்போது வாதம் பலவீனப்படும். குழாய் பதிக்க வருமுன் நிலத்தைப் புகைப்படம் எடுத்து வைப்பதும், மேல்மண்ணைத் தனியே ஒதுக்கிப் பின்னர் மேலேயே பரப்ப வேண்டுமென்று எழுதி வாங்குவதும் விவேகம். அடிமண் மேலே வந்த வயலில் மகசூல் சில ஆண்டுகளுக்குக் குறையும். நஷ்டஈடு போதவில்லை என்று கருதுவோர் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்துகொள்ளச் சட்டம் இடந்தருகிறது.

காஞ்சிபுரத்துச் சுற்றுப்புறத்தில் கோயில் நிலங்கள் மிகுதி. அவற்றை உழுவோர் குத்தகைதாரர்கள். உபயோக உரிமைக்கான பத்துச் சதவீதம், நிலச்சொந்தக்காரருக்கு மாத்திரமன்றி, அந்நிலத்தின் அனுபவ உரிமை பாதிக்கப்பட்ட பிறருக்கும் உரியது என்று 1962ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. பயிர்ச் சேதத்துக்கான ஈடும் பயிரிட்டவரைச் சேர வேண்டியது. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பெயரைப் பதிந்துகொள்ளாத குத்தகைதாரர், தாம் உழுததை மெய்ப்பிக்கவே அலைய நேரிடும். தேவஸ்தான அதிகாரிகளும் கிராம அலுவலர்களும் இதில் ஏழையின் பக்கம் சிறிது அக்கறை காட்டுதல் தருமம்.

குழாய் பதிந்தபின், எல்லைக் கற்கள் அழியாமல் இருக்கின்றனவா, அவசரத் தொலைபேசி எண் ஊரார் அறியுமாறு எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டும். ஆழ உழவுக்கும், வரப்பு மாற்றுவதற்கும், இயந்திரத்தால் மண் தோண்டுவதற்கும் முன்னர்க் கல் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்வது உயிர்க்காவல். பயிர் காரணமின்றி ஒரே வரிசையில் பழுத்து வாடுமாயினும், சேற்றில் குமிழி எழுமாயினும், தீயை அணுகவிடாமல் உடனே தெரிவிக்க வேண்டும்.

எண்ணூரில் இறங்கும் வாயு பெங்களூர் ஆலைக்குச் செல்வதில் விவசாயிக்குப் பகை ஒன்றுமில்லை. மணலியில் வாயுவால் செய்த யூரியா அவருடைய வயலுக்கே வருகிறது. ஆயினும் ஏரி நீரில் முறை கேட்டுப் பழகிய ஊர், தன் மண்ணுக்கடியில் ஓடும் செல்வத்திலும் முறை கேட்பது இயல்பே. பத்துச் சதவீதத்தைத் திருத்துவதும், ஆண்டுப் பங்கை வகுப்பதும், பாதையிலுள்ள ஊர்களுக்கு இணைப்பை நிபந்தனையாக்குவதும் சட்டசபைகளும் ஒழுங்குமுறை வாரியமும் செய்ய வேண்டிய காரியங்கள். அவற்றைக் கிராம சபைத் தீர்மானங்களின் மூலமும் விவசாய சங்கங்களின் மூலமும் இடைவிடாது கேட்பது நிலமுடையோர் செய்ய வேண்டிய காரியம்.